பதினொரு வெள்ளிக்கிழமை

“பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குப் பிறகு எழுதித் தாறன். அதுக்கு முன்னம் நான் பேனையைத் தொடமாட்டன்.”

மருந்தாளர் சண்முகலிங்கம் இதைச் சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். யாராவது பலவந்தமாகப் பேனையைத் திணித்துவிடுவார்கள் என்று பயந்தார் போலிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபத்தைந்து. வெள்ளிக்கிழமை.

எதிர்க் கதிரையில் புஷ்பராணி ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு சேலைக் கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். கள்ளர்களைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். காத்திருப்பதைத்தான் முடியாது.

“அண்ணை, மூண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில கூட்டம். இண்டைக்கு நீங்கள் ஒரு கடிதம் தராட்டி ஒரு பிள்ளையின்ர படிப்பு போச்சு. அதுக்கும் ராகு காலம் பாக்கிறதே?”

“அதுக்குத்தான் பாக்கிறன், தங்கச்சி. நல்ல காரியத்தை நல்ல நேரத்தில செய்வம்.”

“சார், வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை டு பன்னிரண்டு,” என்று குறுக்கே விழுந்தான் கிருஷ்ணகுமார். “சின்ன வயசுல இருந்து காலண்டர்ல பாக்கறேன். மேல முப்பத்தெட்டு நிமிஷம் எதுக்கு? க்யூபெக் டாக்ஸா?”

கிருஷ்ணகுமார் புஷ்பராணியின் உதவியாளன். சென்னையிலிருந்து படிக்க வந்து, கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, அந்த வேலை போய், இப்போது அவளுடைய காரையும் கணினியையும் பார்த்துக்கொள்கிறான். அவன் வாயை மட்டும் இதுவரை எந்தக் கம்பனியும் வேலையிலிருந்து நிறுத்த முடியவில்லை.

“அது உங்கட மெட்ராஸ் நேரம், தம்பி. இஞ்ச சூரியன் உதிக்கிற நேரத்துக்குக் கணக்குப் பாக்கவேணும். அங்க கோயில் கலண்டரைப் பாரும். பதினொண்டு பத்தொன்பது தொடக்கம் பன்னிரண்டு முப்பத்தெட்டு.”

கிருஷ்ணகுமார் எழுந்து போய்ப் பார்த்தான். அப்படித்தான் அச்சடித்திருந்தது. தோற்றுப்போன முகத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தான்.

நடந்தது இதுதான். இந்த மருந்துக் கடையில் உதவியாளராக இருக்கும் கஜந்தினியின் கீழ் வீட்டில் ஒரு தமிழ்த் தாயும் மகளும் இருந்தார்கள். தாய் போன மாரியில் இறந்துபோனாள். மகள் மெலனிக்கு ஒன்பது வயது. வேறு யாரும் இல்லாததால் அரசாங்கம் பொறுப்பெடுத்து ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோடு அவளைத் தங்கவைத்திருக்கிறது. இப்போது பள்ளிக்கூடம் அவளை இந்த நகரம் இருக்கிற தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் உள்ள ஒரு விசேட வகுப்புக்கு மாற்றப் பார்க்கிறது. பஸ்ஸில் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். பெற்றார் இல்லாத பிள்ளைக்காகப் பள்ளிக்கூடத்தில் பேசவும் கையெழுத்து வைக்கவும் ஒரு கல்விப் பதிலாள் வேண்டும். கஜந்தினி தானே முன்வந்து விண்ணப்பித்தாள். இன்று மூன்று மணிக்கு அவள் அந்தக் கூட்ட மேசையில் இல்லாவிட்டால், மற்றவர்களே கையெழுத்து வைத்து முடித்துவிடுவார்கள்.

குறுக்கே வந்தது கோடையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம். அதன் முதல் பாதியில் மருந்துக் கடைகள். பூட்டி வைக்கிற மருந்துகளை கிழமைக்கு ஒரு தரம் எண்ணவேண்டும், குறைந்தால் அலுமாரிச் சாவி வைத்திருப்பவர்களின் பெயரோடு உடனே அறிவிக்கவேண்டும். இரண்டாம் பாதியில் கல்விப் பதிலாட்கள். அவர்களுடைய பின்னணியை விசாரிக்கவேண்டும், விசாரணை முடியாத அறிக்கை ஒன்றில் பெயர் இருந்தால் அனுமதி கிடையாது.

“ஒரே சட்டத்துல மாத்திரையும் ஸ்கூலும்,” என்று கிருஷ்ணகுமார் காலையிலேயே சொல்லியிருந்தான். “யாரோ மந்திரி காம்போ மீல்ஸ் ஆர்டர் பண்ணிருக்காரு, மேடம்.”

அந்த இரண்டு பாதியும் வந்து இடித்துக்கொண்டது கஜந்தினியின் தலையில். கடையில் ஒரு போத்தல் குறைந்தது. கடும் நோவுக்குக் கொடுக்கிற மாத்திரை, நூறு. சாவி இரண்டே இரண்டு. ஒன்று சண்முகலிங்கத்திடம், மற்றது கஜந்தினியிடம். அவர் அப்படியே அறிவித்துவிட்டார்; கஜந்தினிக்காக ஒரு விளக்கக் கடிதம் வாங்கத்தான் புஷ்பராணி வந்திருக்கிறாள்.

“நான் அவளைக் கள்ளி எண்டு எழுதேல்ல,” என்றார் சண்முகலிங்கம். “இந்த மாசம் பத்தாம் திகதி வரைக்கும் எண்ணிக்கை சரி. பதினோராம் திகதி நான் டொரோண்டோவுக்குப் போனன், மருமகளின்ர கலியாணம். ஒரு கிழமை சாவி அவளிட்ட மட்டும்தான் இருந்தது. பதினெட்டாம் திகதி வந்து எண்ணினா ஒரு போத்தல் இல்லை. சாவி ரெண்டு பேரிட்ட இருக்கு எண்டுதான் எழுதினனான். அது உண்மைதானே?”

“உண்மைதான். ஆனா வாசிக்கிறவன் என்ன நினைப்பான்?”

“அதுக்கு நான் என்ன செய்ய? என்ர கணக்கு ஒழுங்கான கணக்கு. இந்தாங்கோ, பாருங்கோ.”

மேசையில் திறந்து கிடந்த கோப்பை அவர்கள் பக்கம் லேசாகத் தள்ளினார். வலது ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார். சட்டம் வந்த ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து ஒக்டோபர் பத்து வரை பதினொரு வெள்ளிக்கிழமை, பதினொரு வரி. ஒவ்வொரு வரியிலும் திகதி, 11.30 என்ற நேரம், மாத்திரைகளின் எண்ணிக்கை, கீழே அவருடைய வளைந்த கையெழுத்து. எல்லா வரியிலும் ஒரே நீலம், ஒரே அழுத்தம். பார்க்கவே அழகாக இருந்தது.

புஷ்பராணி அதைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் கிடந்த மருந்தாளரின் மற்றக் கையைப் பார்த்தாள். அவளுடைய கால் ஆட்டம் நின்றுவிட்டது. அது எப்போதாவதுதான் நிற்கும்.

“ஆகஸ்ட்டில முதல் வந்த சரக்கின்ர பில் இருக்கோ, அண்ணை?”

“இருக்கு. அந்தத் தட்டில முதலாவது. நீங்களே எடுங்கோ தங்கச்சி, இந்த நேரத்தில நான் ஒண்டும் கையால எடுத்துக் குடுக்கமாட்டன்.”

அவளே எடுத்தாள், அவளே பிரதி எடுத்தாள். கிருஷ்ணகுமார் கோப்பை போனில் ஒரு படம் எடுத்தான். இரண்டு நிமிடத்தில் அவர்கள் தெருவில் நின்றார்கள்.

“மேடம், லெட்டர்? இன்னும் ஒரு மணி நேரத்துல தர்றேன்னாரே!”

“அந்தக் கடிதம் எங்களுக்கு வேண்டாம். பத்தாம் திகதி வரைக்கும் எல்லாம் சரி எண்டு எழுதுவார். அது கஜந்தினியின்ர கையில விலங்கு போடுற கடிதம். நீர் காரை எடும்.”

“எங்க?”

“சென்ட் லோரன்ட். இந்த பில் அனுப்பின மருந்துக் களஞ்சியத்துக்கு.”

அகாடி தெருவில் பாதி ரோட்டை ஒரேஞ்சுக் கூம்புகள் பிடித்திருந்தன. மூன்று கூம்புக்கு ஒரு தொழிலாளி இருந்தால் சரி, இங்கே முன்னூறு கூம்புக்கு ஒருவர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். புஷ்பராணி டாஷ்போர்டில் விரல்களால் தாளம் போட்டாள். இரண்டு தரம் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தரம் கதவைத் திறந்து இறங்கப் போனாள்.

“மேடம், நடந்து போனா ஒன்றரை மணி நேரம். உக்காருங்க.”

“போத்தல் நடந்து போகாது, கிருஷ்ணா,” என்றாள் அவள், வேறு எதையோ யோசித்துக்கொண்டு. “ஒண்டில் ஆரோ எடுத்திருக்கவேணும். இல்லாட்டி அது வரவேயில்லை.”

“வரவேயில்லைன்னா, பதினோரு வாரம் எண்ணி எண்ணி சரியா இருக்குன்னு எப்படி எழுதுவாரு?”

“அதைப் பேந்து கதைப்பம். முதல்ல ஒண்டு யோசியும். இந்தச் சட்டம் எங்கட கடைக்கு மட்டுமில்லை, அனுப்பிறவைக்கும்தான். அவையும் எண்ணவேணும். இஞ்ச ஒண்டு குறைஞ்சா?”

கிருஷ்ணகுமார் பச்சை விளக்கைப் பார்க்க மறந்தான். பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்தது.

“அங்க ஒண்ணு கூடியிருக்கணும்!”

களஞ்சியம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சாம்பல் பெட்டியாக நின்றது. திரும்பி வரும் சரக்கைப் பார்க்கிற பகுதிக்குப் பொறுப்பாக பிரசாந் என்ற யாழ்ப்பாணத்து இளைஞன் இருந்தான். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புட்டில் கை வைக்கப் போன நேரத்தில் புஷ்பராணி எதிரே போய் நின்றாள். பாவம், அந்தப் புட்டு ஆறிப்போனதுதான்.

“அக்கா, மற்றக் கடையளின்ர விசயம் நான் கதைக்கேலாது.”

“கதைக்க வேண்டாம், தம்பி. நான் ஒண்டு கேக்கிறன். ஆகஸ்ட் எண்ணிக்கையில உங்களுக்கு ஒரு போத்தல் கூடினதோ?”

பிரசாந் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியாது. கேக்கிறன்.”

“அது ஒளிக்கிற விசயம் இல்லை. நாங்கள் எல்லாக் கடைக்கும் கடிதம் போட்டனாங்கள். நாற்பது கடை. ஆகஸ்ட் அஞ்சாம் திகதி அனுப்பின சரக்கில ஒரு போத்தல் பெட்டிக்குள்ள போகாமல் நிண்டிட்டுது, உங்கட உங்கட கையிருப்பை எண்ணிப் பாருங்கோ எண்டு. ஒருத்தரும் கேட்டு வரேல்ல. எல்லாரும் சரியாத்தான் எண்ணியிருக்கினம் எண்டு நினைச்சம். போத்தலை அங்க தனியாப் பூட்டி வைச்சிருக்கிறம்.”

அவன் அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை எடுத்து வைத்தான். புஷ்பராணி தன் கைப்பையிலிருந்து பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஆகஸ்ட் ஐந்து. ஐந்து போத்தல். இரண்டு தாளிலும் தயாரிப்புத் தொகுதி இலக்கம் ஒன்றே.

“நாற்பது கடிதத்துல ஒண்ணு நம்ம சண்முகலிங்கம் சார் மேசையில பிரிக்காம இருக்கும்,” என்றான் கிருஷ்ணகுமார். “ராகு காலத்துல தபால் வந்திருக்கும்.”

புஷ்பராணி சிரித்தாள். அன்றைக்கு முதல் முறை. காரில் ஏறியதும் கஜந்தினிக்குப் போன் போட்டாள். “பிள்ளை, நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு நேரே கடைக்கு வா. அவர் உன்ர முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லவேணும்.”

ஒன்று ஐம்பதுக்கு அவர்கள் மறுபடியும் கடையின் பின்னறைக்குள் நுழைந்தபோது சண்முகலிங்கம் மிகவும் நல்ல மனநிலையில் இருந்தார். கடிதம் தயார். உறையில் போட்டு ஒட்டியும் வைத்திருந்தார்.

புஷ்பராணி உறையைத் தொடவில்லை. களஞ்சியத்துக் கடிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். “இது எங்கட போத்தல் இல்லை. எங்களுக்கு அஞ்சும் வந்தது. எண்ணினனான். கோப்பில இருக்கு.”

“எத்தினை மணிக்கு எண்ணினனீங்கள், அண்ணை?”

“பதினொண்டரைக்கு. அதுவும் கோப்பில…”

அவர் நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை பதினொண்டரைக்கு,” என்றாள் புஷ்பராணி மெதுவாக. “உங்கட கோயில் கலண்டரிலயும் அது ராகு காலம், கிருஷ்ணாவின்ர மெட்ராஸ் கலண்டரிலயும் ராகு காலம். இண்டைக்கு அந்த நேரத்தில நீங்கள் எனக்கு ஒரு போட்டோக்கொப்பி எடுத்துத் தரேல்ல. அந்தக் கைதான் பதினொரு வெள்ளிக்கிழமை அலுமாரியைத் திறந்து, மாத்திரை எண்ணி, கையெழுத்தும் வைச்சதெண்டு கோப்பு சொல்லுது. நான் ஆரை நம்ப? கோப்பையோ, உங்களையோ?”

“அடேயப்பா!” என்றான் கிருஷ்ணகுமார். அவனுக்கும் இப்போதுதான் விளங்கியது. “மேடம், இதைக் காலைலயே கண்டுபிடிச்சிட்டீங்களா? என்கிட்ட சொல்லவேயில்ல!”

“நீங்கள் ஒரு நாளும் எண்ணேல்ல, அண்ணை. எல்லாத்தையும் ஒரே நாள் ஒரேயடியா இருந்து எழுதினனீங்கள். நாளில எந்த நேரம் சும்மா இருக்கிறனான் எண்டு யோசிச்சிருப்பியள். வேலை ஒண்டும் தொடாமல் இருக்கிற நேரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதை எழுதிப்போட்டியள்.”

சண்முகலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவருடைய முகம் சட்டென்று வயதாகிவிட்டது.

“டொரோண்டோவுக்குப் போறதுக்கு முதல் நாள் எழுதினனான்,” என்றார். “பரிசோதனைக்கு வரப்போகினம் எண்டு கடிதம் வந்தது. பயந்திட்டன். கடையில ஆள் இல்லை, தங்கச்சி. காலமை எட்டு மணிக்கு வந்தா இரவு ஒன்பது. ஊசி போடுறது, பெட்டி அடுக்கிறது, டொக்டருக்குப் போன் அடிக்கிறது. எண்ண எங்க நேரம்? பதினெட்டாம் திகதிதான் முதல் முதல் உண்மையா எண்ணினனான். ஒண்டு குறைஞ்சது. நான் என்ன செய்ய?”

“உண்மையை எழுதினனீங்கள். ஆனா ஒரு பொய்க்குப் பக்கத்தில வைச்சு எழுதினனீங்கள். பத்தாம் திகதி வரைக்கும் சரி எண்டு நீங்கள் பொய் எழுதினபடியாத்தான், பேந்து ஒரு கிழமைக்குள்ள ஆரோ களவெடுத்தது எண்டு வந்தது. அந்தக் கிழமை சாவி வைச்சிருந்தது ஆர்?”

கதவடியில் ஒரு சத்தம். கஜந்தினி நின்றாள். முப்பத்தாறு வயது, மெல்லிய ஆள். இஸ்திரி போட்ட கறுப்புக் கோட்டு, கழுத்தில் சால்வை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அவளைக் கண்டதும் சண்முகலிங்கத்துக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்தவுடன் கோபமும் வந்தது. மனிதர்களுக்கு அப்படித்தான் வரும்.

“சரி. நான் பொய் எழுதினனான். அப்ப இதையும் பாருங்கோ, பெரிய துப்பறியிற ஆள்!” கோப்பைத் திறந்து காலையில் உள்ளங்கையால் மறைத்திருந்த வலது ஓரத்தைக் காட்டினார். “சாட்சி எண்டு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டு பேர் நிண்டு எண்ணவேணும் எண்டுதான் சட்டம். பதினொரு வரிக்கும் சாட்சிக் கையெழுத்து ஆரின்ர?”

புஷ்பராணி குனிந்து பார்த்தாள். பதினொரு சின்னக் கையெழுத்து. ஒரே ஆளுடையது. அவள் அப்படியே கிருஷ்ணகுமாரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவசரமாகப் போனைத் திறந்தான். காலையில் எடுத்த படத்தில் பதினொரு வரி, மருந்தாளரின் கட்டை விரல், எல்லாம் இருந்தன. வலது ஓரம் மட்டும் இல்லை.

“என்ரதான் அக்கா,” என்றாள் கஜந்தினி.

“ஏன் எனக்குச் சொல்லேல்ல?”

“அதில என்ன இருக்கெண்டு நான் பாக்கேல்ல. சேர் தாளைத் தந்து, பிள்ளை இதில கையெழுத்து வை எண்டார். வைச்சனான். நாங்கள் எல்லாத்துக்கும் அப்பிடித்தானே வைக்கிறனாங்கள்? வீட்டு ஒப்பந்தம், பாங்குப் பேப்பர், டொக்டர் தாற போர்ம். பெரிய ஆக்கள் தந்தா வாசிச்சுக் கொண்டு நிக்கிறது மரியாதையில்லை எண்டு…”

அவள் முடிக்கவில்லை. புஷ்பராணி கோப்பை மூடி வைத்தாள். தான் கண்டுபிடித்த உண்மை தன் கட்சிக்காரியின் தலையிலேயே வந்து விழுகிறது. போத்தல் களவு போகவில்லை என்று காட்டவேண்டுமானால் எண்ணிக்கை பொய் என்று சொல்லவேண்டும். எண்ணிக்கை பொய் என்றால் சாட்சியும் பொய். பின்னணி விசாரிக்கிறவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

“மேடம், ஒரு ஐடியா,” என்றான் கிருஷ்ணகுமார், இந்த முறை கிண்டல் இல்லாமல். “குடோன் லெட்டரை மட்டும் குடுப்போம். போத்தல் கிடைச்சிடுச்சு, அவ்வளவுதான். பதினோரு வாரக் கதையை யார் கேக்கப் போறாங்க?”

“கேப்பினம். அஞ்சும் வந்து சேர்ந்தது எண்டு இவரின்ர கோப்பு அதுக்குப் பிறகு பத்துத் தரம் சொல்லுது. கோப்பு உண்மையெண்டா அந்தப் போத்தல் இந்தக் கடையின்ரை இல்லை.”

மணி இரண்டு பத்து. புஷ்பராணி மேசைக்கும் அலுமாரிக்கும் இடையில் நாலு அடி தூரத்தில் நடந்தாள், திரும்பினாள், நடந்தாள்.

“உண்மையை எழுதுங்கோ சேர்,” என்றாள் கஜந்தினி.

“எழுதினா என்ர லைசென்ஸ் போகும், பிள்ளை. முப்பது வருசம். இந்தத் தெருவில முதல் தமிழ் மருந்துக்கடை.”

“போகாது எண்டு நான் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது. ஆனா நீங்கள் எழுதாட்டி நான் அங்க போய்ச் சொல்லுவன். எண்ணாத எண்ணிக்கைக்கு நான் சாட்சிக் கையெழுத்து வைச்சனான் எண்டு. அது என்ர கையெழுத்துத்தானே, அதைச் சொல்ல எனக்கு ஒருத்தரின்ர அனுமதியும் தேவையில்லை.”

சண்முகலிங்கம் அவளை அண்ணாந்து பார்த்தார். ஆறு வருடம் வேலை செய்த பெண். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை.

“எனக்கு அனுமதி கிடைக்காட்டியும் பரவாயில்லை,” என்றாள் அவள். குரல் உடைந்தது. “ஆனா அந்தப் பிள்ளைக்காகக் கையெழுத்து வைக்கப் போற ஆள் கள்ளி எண்டு எழுதியிருக்கக் கூடாது.”

அவர் ஒட்டிய உறையைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கணினிப் பக்கம் கதிரையைத் திருப்பினார். இரண்டு விரலால்தான் தட்டத் தெரியும் அவருக்கு. இரண்டு முப்பத்தொன்றுக்கு, முதல் அறிக்கை போன இடத்துக்கே உண்மைக் கடிதம் போய்ச் சேர்ந்தது. பிரதி சமூக சேவை அலுவலகத்துக்கும் போனது. அதில் கஜந்தினியின் பெயரும் இருந்தது, அவள் சொன்னபடியே.

பள்ளிக்கூடம் கிழக்கே பத்து நிமிடம். கிருஷ்ணகுமார் ஏழு நிமிடத்தில் போனான். அந்த ஏழு நிமிடமும் அவன் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்யவேண்டும்.

கூட்ட அறையில் அதிபர் அம்மாவும் சமூக சேவகியும் இருந்தார்கள். மெலனி ஜன்னல் ஓரம் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கூட வந்தவர்கள் என்று புஷ்பராணிக்கும் கிருஷ்ணகுமாருக்கும் சுவரோரம் இரண்டு சின்னக் கதிரை கொடுத்தார்கள். சமூக சேவகி கடிதத்தைப் போனில் வாசித்தார், புருவத்தைச் சுருக்கினார், அலுவலகத்துக்கு அழைக்க வெளியே போனார். பன்னிரண்டு நிமிடம். புஷ்பராணி கைப்பையின் ஜிப்பை அறுபது தரமாவது திறந்து மூடியிருப்பாள்.

அவர் திரும்பி வந்து பிரெஞ்சில் சொன்னார். காணாமல் போன மருந்து பற்றிய அறிக்கை முடிக்கப்படுகிறது. சாட்சிக் கையெழுத்து விசயம் தனியாக விசாரிக்கப்படும், அதன் முடிவு எப்படியும் போகலாம். அதுவரை, இன்றைக்கு, கஜந்தினி இந்த மேசையில் இருக்கலாம்.

“இன்றைக்கு மட்டும்தானா?” என்று கஜந்தினி கேட்டாள்.

“இன்றைக்கு இருக்கலாம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியும்.”

அதிபர் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளி பின்நேரம், எல்லோருக்கும் வீடு இருக்கிறது. மெலனியை வகுப்பு மாற்றுகிற பதினாறு பக்கத் திட்டம் ஒன்றைக் கஜந்தினி பக்கம் தள்ளி, கடைசிப் பக்கத்தைத் தானே புரட்டிக் கொடுத்து, பேனையையும் வைத்தார். எல்லாம் ஏற்கனவே பேசி முடித்த விசயம்தான், இங்கே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

கஜந்தினி தாள்களைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தாள். “நான் வாசிக்கவேணும்,” என்றாள் பிரெஞ்சில். “எல்லாத்தையும்.”

“பதினாறு பக்கம், மதாம்.”

“ஓம்,” என்றாள், தமிழில்.

மெலனி எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். கஜந்தினி வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டு போனாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். அதிபர் மூச்சு விட்டார். ஆறாம் பக்கத்தில் ஒரு வரியில் அந்த விரல் நின்றது, நகரவில்லை.

மெலனி எட்டிப் பார்த்தாள். பிறகு அந்த வரியை அவளே வாசிக்கத் தொடங்கினாள், சத்தமாக. முதல் சொல்லிலேயே நாக்கு சிக்கியது. முகம் சிவந்தது. அவளுக்குத் திக்குவாய். அதிபர் உதவிக்கு வாயைத் திறந்தார். கஜந்தினி நிமிராமல் இடது கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டாம் சொல் வந்தது. மூன்றாவது சொல்லுக்கு நெடுநேரம் எடுத்தது, ஆனால் வந்தது. பிறகு மிச்சம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன, பிழையில்லாமல், கடைசிப் புள்ளி வரைக்கும்.

மாணவிக்கு வாசிக்கத் தெரியாது என்று அந்த வரியில் எழுதியிருந்தது.

மெலனி தலையை உயர்த்தி, அந்த மேசையில் தனக்கு மறைக்காமல் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளைப் பார்த்து, தமிழில் கேட்டாள்.

“இ… இது ஆர் எழுதினது?”

அதிபருக்கும் சமூக சேவகிக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கஜந்தினி பேனையின் மூடியைப் போட்டு, அதை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள்.